சர்க்கரை தின்னாத கிருமியின் சர்க்கரைச் சட்டை

ரத்தம் கலந்த அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் ஈறுநோய்க் கிருமியை வளர்க்கப் பொறுமை வேண்டும். குடலில் வாழும் சாதாரணக் கிருமி ஒரே இரவில் தட்டு நிறைய வளர்ந்துவிடும். போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸுக்கு அந்த அவசரம் கிடையாது. ஆக்சிஜன் இல்லாத பெட்டிக்குள் தட்டை வைத்துவிட்டு ஒரு வாரம், சில சமயம் 10 நாள் காத்திருக்க வேண்டும். முதலில் வெளிறிய புள்ளிகள் தெரியும். நாளாக ஆகப் பழுப்பேறி, கடைசியில் விறகடுப்பில் வைத்த சட்டியின் அடியைப் போலக் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு கிருமியின் சொந்த நிறம் அல்ல, திருடிய நிறம். தட்டிலுள்ள சிவப்பணுக்களை உடைத்து, ஹீமோகுளோபினை அரைத்து, அதிலுள்ள இரும்பு தாங்கிய ஹீம் மூலக்கூறுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து மேனியெங்கும் அது பூசிக்கொள்கிறது. 1988இல் இந்தக் கிருமிக்குப் புதுப்பெயர் வைத்தபோது, ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து போர்ஃபிரோமோனாஸ் என்ற பெயரை எடுத்ததும் இந்த நிறத்தை வைத்துத்தான்.

எனக்குப் பிடித்தது கறுப்பு அல்ல, இடையில் வரும் வெள்ளை. கிருமியின் மரபணுக்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதைத்துவிட்டு ஆயிரக்கணக்கில் வளர்த்தால், கறுத்த கூட்டத்துக்கு நடுவே ஓரிரு புள்ளிகள் எத்தனை நாளானாலும் கறுக்காமல் நிற்கும். ரத்தத்தை அரைக்கும் நொதிகளுக்கு ஜிஞ்சிபெயின்கள் என்று பெயர். வெள்ளைப் புள்ளிகளில் அந்த நொதிக்கான மரபணு கெட்டிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பல புள்ளிகளில் அப்படித்தான் இருந்தது. ஆனால் சிலவற்றில் நொதியின் மரபணு முழுசாக இருந்தது; நொதியும் தயாராகிக்கொண்டுதான் இருந்தது. கெட்டுப்போயிருந்தது வேறொன்று: கிருமியின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலி கோக்கும் வேலைக்கான மரபணு. 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். ரத்தத்தைச் சிதைப்பதற்கும் சர்க்கரை கோப்பதற்கும் என்ன சம்பந்தம்? இந்த நோயின் சூட்சுமத்தில் பாதி அந்தக் கேள்வியில் இருக்கிறது.

மேலே போகுமுன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்ளலாம். தமிழில் ‘சர்க்கரை’ பாவம், எல்லா வேலையும் பார்க்கிறது. காபியில் போடுவதும் சர்க்கரை, பொங்கலில் போடும் வெல்லமும் சர்க்கரை, கிழங்கிலும் சர்க்கரை, நோயும் சர்க்கரை. இங்கே கடையில் வாங்குவதைச் ‘சீனி’ என்றே சொல்கிறேன். ‘சர்க்கரை’ என்று வரும் இடத்திலெல்லாம் வேதியியலில் அந்தக் குடும்பம் முழுவதும் என்று கொள்ளவும்: குளுக்கோஸ், காலக்டோஸ், மானோஸ், ராம்னோஸ் என்று நூற்றுக்கணக்கான உருப்படிகள். பெரும்பாலானவற்றை நாம் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கவே மாட்டோம்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. புரதத்தின் அமினோ அமிலங்கள் ரயில் பெட்டிகளைப் போல முன்னும் பின்னுமாக மட்டுமே கோத்துக்கொள்ளும். சர்க்கரை வளையத்துக்கோ சுற்றிலும் கைகள். எந்தக் கையைப் பிடிப்பது, மேலிருந்து பிடிப்பதா கீழிருந்து பிடிப்பதா என்பதைப் பொறுத்து, ஒரே மாதிரியான இரண்டு குளுக்கோஸ் வளையங்களை மட்டும் வைத்துக்கொண்டு 11 வகையான ஜோடிகளை உருவாக்கலாம். இந்த வேறுபாடு அற்பம் என்று தோன்றினால் வயலுக்குப் போய்ப் பார்க்கலாம். அரிசியின் மாவும் குளுக்கோஸ்தான், வைக்கோலின் நாரும் குளுக்கோஸ்தான். பிணைப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பெரிய வித்தியாசம். ஒன்று நம் தட்டுக்கு வருகிறது, மற்றது மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. இவ்வளவு செய்தியை இத்தனை சிறிய இடத்தில் எழுத முடிகிற எழுத்து உயிரினங்களிடம் அதிகம் இல்லை. அதனால்தான் கிருமிகள் தங்கள் வாசல் பலகையைச் சர்க்கரையில் எழுதிக்கொள்கின்றன. நம் உடலின் காவலர்களும் அந்தப் பலகையைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

வாய்க்கிருமி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மிட்டாய். அது சொத்தைப் பல்லுக்குப் பொருந்தும், ஈறு நோய்க்குப் பொருந்தாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற சொத்தைக் கிருமியை 1924இல் லண்டனில் கிலியன் கிளார்க் விவரித்தார். அது சீனியைத் தின்று அமிலம் கக்குகிறது. ஜிஞ்சிவாலிஸ் சீனியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நீங்கள் ஜிலேபி தின்றால் என்ன, பட்டினி கிடந்தால் என்ன, அதற்கு எல்லாம் ஒன்றுதான். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவேயுள்ள இடுக்கில் கசியும் நீரில் மிதக்கும் புரதத் துணுக்குகள்தான் அதன் சாப்பாடு. சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பிழைக்கும் கிருமிகளின் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. ஆனால் அதன் மேனி முழுவதும் சர்க்கரை. தின்னாத பொருளைத் தானே தயாரித்து உடுத்திக்கொள்கிறது. ‘இனிப்பைக் குறைத்துவிட்டேன், அப்படியும் ஈறில் ரத்தம் வருகிறதே’ என்று பல் மருத்துவரிடம் குறைப்படுபவர்கள், இரண்டு வேறு கிருமிகளின் கணக்கை ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள்.

மியூட்டன்ஸின் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அதற்குச் சீனி இரண்டு வகையில் பயன்படுகிறது. சீனி மூலக்கூறு என்பது கைகோத்த ஒரு குளுக்கோஸும் ஒரு பிரக்டோஸும். அந்தப் பிடியை உடைக்கும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டே குளுக்கோஸை ஒரு நீண்ட சங்கிலியின் நுனியில் ஒட்டிவிடும் நொதிகளை அது வெளியே அனுப்பிவைக்கிறது. கிடைக்கும் சங்கிலிகளில் ஒருவகை நீரில் கரையாது. பல் மேல் நாவால் தடவினால் காலையில் வழவழவென்று தட்டுப்படும் படலத்தில் அதுவும் ஒரு பங்கு. மிச்சமான பிரக்டோஸ் கிருமியின் வயிற்றுக்குள் போய் லாக்டிக் அமிலமாகிறது. அமிலத்தைக் காட்டும் பிஹெச் எண் (இது குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5-ஐ ஒட்டி இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். வெறும் குளுக்கோஸைக் கொடுத்தால் அமிலம் வரும், இந்தப் பசை வராது. நாட்டு வெல்லம் பல்லைக் கெடுக்காது என்று நம்புகிறவர்கள் வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி இதே மூலக்கூறுதான் என்பதை யோசிப்பதில்லை.

பசை போக மியூட்டன்ஸுக்கு நிரந்தரமான சர்க்கரை உடுப்பும் உண்டு. ராம்னோஸ் என்ற சர்க்கரையாலான முதுகெலும்பு, அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் குளுக்கோஸ் கைகள். ராம்னோஸை மனித உடல் தயாரிப்பதில்லை. ஆகவே அது நம் காவலர்களுக்கு அந்நியன் என்று உடனே தெரிகிற அடையாளம். குளுக்கோஸ் கை எந்தக் கோணத்தில் ஒட்டியிருக்கிறது என்பதை வைத்து இந்தக் கிருமியை சி, இ, எஃப், கே என்று 4 வகையாகப் பிரிக்கிறார்கள். வாயில் அதிகம் காணப்படுவது சி. கே வகையில் அந்தக் கைகள் வெகுவாகக் குறைந்திருக்கும். அதை விழுங்க வெள்ளணுக்கள் தடுமாறுகின்றன. ஜப்பானில் முதலில் அடையாளம் கண்டபோது, ரத்தத்தில் கிருமி பரவிய ஒரு நோயாளியிடமிருந்து கிடைத்த மாதிரி அது என்பது தற்செயல் அல்ல என்றே தோன்றுகிறது.

இனி ஈறுக்கு வருவோம்.

ஆணியும் அதில் மாட்டிய கத்தியும்

ஜிஞ்சிவாலிஸின் வெளித்தோல் ஒரு கொழுப்புப் படலம். அதில் லட்சக்கணக்கான மூலக்கூறுகள் நாற்றுபோல நடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கொழுப்பால் ஆன வேர், அதன்மேல் குட்டையான சர்க்கரைத் தண்டு, தண்டிலிருந்து வெளியே நீளும் சர்க்கரைக் கொடி. லிப்போபாலிசாக்கரைடு என்று இதற்குப் பெயர். இரட்டைத் தோல் கொண்ட கிராம் நெகட்டிவ் கிருமிகள் பலவற்றிலும் இது உண்டு. ஜிஞ்சிவாலிஸின் விசேஷம், ஒரே மாதிரியான வேரிலும் தண்டிலும் இரண்டு வேறுவேறு கொடிகளைப் படரவிடுவது. முதல் கொடியில் காலக்டோஸ், குளுக்கோஸ், ராம்னோஸ், காலக்டோஸின் அசிட்டைல் அமைன் வடிவம் என்று நான்கு சர்க்கரைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டாவது கொடி மானோஸால் ஆனது. கிளை கிளையாகப் பிரியும், கிளையொன்றில் பாஸ்பேட் தொங்கும், அதனால் எதிர்மின்சுமை தாங்கியிருக்கும்.

இந்த இரண்டாவது கொடி கண்ணில் பட்டதே தற்செயலாகத்தான். லண்டனில் ஓர் ஆய்வுக் குழு ஜிஞ்சிபெயின் நொதிக்கு எதிராக ஆன்டிபாடிகளை, அதாவது குறிப்பிட்ட பொருளைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்களை, தயாரித்தது. அவற்றில் ஒன்று நொதியின் புரதத்தை விட்டுவிட்டு அதன்மேல் ஒட்டியிருந்த சர்க்கரையைப் பிடித்தது. விசித்திரம் என்னவென்றால், அதே ஆன்டிபாடி நொதியோடு சம்பந்தமில்லாத, கிருமியின் மேற்பரப்பிலிருந்த வேறொரு பொருளையும் பிடித்தது. அப்படியென்றால் இரண்டிலும் ஒரே சர்க்கரை இருக்க வேண்டும். 2005இல் அந்தப் பொருளின் அமைப்பைப் பிரித்துப் பார்த்தபோது மானோஸ் கொடி வெளிப்பட்டது. சில ஆண்டுகளில் அது லிப்போபாலிசாக்கரைடின் இன்னொரு வடிவம்தான் என்பதும் தெளிவானது.

வெள்ளைப் புள்ளிகளின் புதிர் இங்கே அவிழ்கிறது. ஜிஞ்சிபெயின் கிருமிக்குள் தயாராகும்போது அதன் வால்பகுதியில் ஒரு முகவரிச் சீட்டு இருக்கும். அந்தச் சீட்டைப் பார்த்து வெளித்தோலின் வாசல் ஒன்று அதை வெளியே விடுகிறது. 2010இல்தான் இந்த வாசல் தனிவகையானது என்று புரிந்தது; இன்று அதை ஒன்பதாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று அழைக்கிறார்கள். வாசலைத் தாண்டியதும் போர்யூ என்ற இன்னொரு நொதி சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு, கிழிந்த இடத்தை மானோஸ் கொடியோடு கோத்துவிடுகிறது. சுவரில் ஆணியடித்து அரிவாளை மாட்டுவது போல. சர்க்கரைதான் ஆணி, நொதிதான் அரிவாள். ஜிஞ்சிபெயின் மட்டுமல்லாமல் சுமார் 30 புரதங்கள் இதே சீட்டோடு இதே வழியாக வெளியே வருகின்றன. ஆணி இல்லாத கிருமியிலும் அரிவாள் தயாராகிறது, வெளியேயும் வருகிறது. ஆனால் மாட்ட இடமில்லாமல் நீரோடு போய்விடுகிறது. உடம்பில் அரிவாள் இல்லை, அரைத்த ரத்தமும் உடம்பில் படிவதில்லை. புள்ளி வெள்ளையாகவே நிற்கிறது.

இத்தோடு நின்றிருந்தால், சர்க்கரை வெறும் ஆணி, நோய் செய்வது நொதி என்று முடித்துவிடலாம். 2006இல் வந்த ஒரு சோதனை அப்படி முடிக்க விடவில்லை. இதை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமான சோதனை. நம் ரத்த நீரில் காம்ப்ளிமென்ட் என்ற புரதப் படை உண்டு. அந்நியக் கிருமியைக் கண்டால் அதன் தோலில் ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். ஜிஞ்சிவாலிஸ் மட்டும் அதில் சாகாமல் தப்பிவிடும். ஜிஞ்சிபெயின்கள் அந்தப் புரதங்களை வெட்டிவிடுவதால்தான் தப்புகிறது என்பது அதுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம். லண்டன் குழுவினர் இரண்டு வகையான கிருமிகளை எடுத்தார்கள். ஒன்றில் ஜிஞ்சிபெயின் மரபணுக்கள் நீக்கப்பட்டிருந்தன, சர்க்கரை அப்படியே இருந்தது. இன்னொன்றில் மானோஸ் கொடி இல்லை. இரண்டையும் மனித ரத்த நீரில் போட்டார்கள். நொதி இல்லாதது பிழைத்தது. கொடி இல்லாதது செத்தது. அரிவாளைப் பிடுங்கினால் ஆள் பிழைக்கிறான், சட்டையைக் கழற்றினால் சாகிறான்.

ரத்தம் வந்ததும் மாறும் முகம்

கொடியை விட்டு வேருக்கு இறங்கினால் இன்னும் தந்திரமான சங்கதி இருக்கிறது. வேரின் பெயர் லிப்பிட் ஏ. பெயரில் கொழுப்பு இருந்தாலும் அதன் நடுவில் கைகோத்து நிற்பவை இரண்டு குளுக்கோசமைன் சர்க்கரைகள். ஈ. கோலை கிருமியில் இந்த ஜோடியின் இரு முனைகளிலும் பாஸ்பேட்டும், பக்கங்களில் 6 கொழுப்பு அமில வால்களும் இருக்கும். நம் வெள்ளணுக்களின் மேலுள்ள டிஎல்ஆர்4 என்ற உணர்வி இந்த வடிவத்தைக் கண்டதும் அபாயச் சங்கை ஊதிவிடும். அந்த உணர்வியைக் கண்டறிந்ததற்காக புரூஸ் பாய்ட்லருக்கு 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஜிஞ்சிவாலிஸ் இந்தச் சங்கோடு விளையாடத் தெரிந்தது. அதன் லிப்பிட் ஏ-யில் வால்கள் 5 அல்லது 4தான். பாஸ்பேட்களைக் கழற்றுவதற்கென்றே தனி நொதிகள் வைத்திருக்கிறது. 5 வால் வடிவம் சங்கை மெல்ல ஊதும். 4 வால் வடிவம் சங்கின் வாயையே அடைத்துக்கொள்ளும்; பிறகு வேறு கிருமியின் லிப்பிட் ஏ வந்து தட்டினாலும் சத்தம் வராது.

எந்த வடிவத்தை எப்போது அணிவது என்று தீர்மானிக்கும் காரணங்களில் ஒன்று ஹீம், அதாவது ரத்தம். ஆய்வகத்தில் ஹீம் குறைவாகக் கொடுத்தால் 5 வால் வடிவம் அதிகம் தென்படுகிறது. ஹீமை அள்ளிக் கொடுத்தால் 4 வால் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. வெப்பநிலை காய்ச்சல் அளவுக்கு ஏறினாலும் இதே போன்ற மாற்றம் வருகிறது. இதை ஒரு வாயில் பொருத்திப் பார்க்கலாம். ஈறு ஆரோக்கியமாக இருக்கும்போது ரத்தம் கசியாது, கிருமிக்கு இரும்பு கிடைப்பது கடினம். அழற்சி தொடங்கி ரத்தம் கசியத் தொடங்கியதும் விருந்து. விருந்து வந்ததும், விருந்து வைத்தவனின் காவலைத் தூங்கவைக்கும் முகமூடியையும் எடுத்து மாட்டிக்கொள்கிறது. பல் துலக்கும்போது வாஷ்பேசினில் விழும் இளஞ்சிவப்பு நுரையைப் பார்த்து ‘பிரஷ் கொஞ்சம் கடினம் போலிருக்கிறது’ என்று கடந்துபோகிறோமே, அந்தத் துளி ரத்தம் அந்தக் கிருமிக்குச் சாப்பாட்டு மணி.

சின்னக் கூட்டம் இவ்வளவு கலகம் செய்வது எப்படி என்பதற்கும் இதில் விடை உண்டு. 2011இல் எலிகளில் செய்த ஆய்வில், வாயிலிருந்த மொத்தக் கிருமிகளில் 0.01 சதவீதத்துக்கும் குறைவாக இருந்துகொண்டே ஜிஞ்சிவாலிஸ் எலும்புத் தேய்மானத்தைத் தொடங்கிவைத்தது. ஆனால் வேறு கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் வாயில் அதைத் தனியாக விட்டபோது எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தானே அடிப்பதில்லை, காவலைக் குழப்பிவிடுகிறது. அடிப்பவர்கள் அதுவரை சாதுவாக இருந்த மற்றக் கிருமிகளும், குழம்பிப்போன நம் வெள்ளணுக்களும்தான். ஊர்ப் பஞ்சாயத்துகளில் இந்த மாதிரி ஆட்களைப் பார்க்காதவர்கள் யார்?

ஜிஞ்சிவாலிஸின் சில இனங்களுக்கு மேலே மூன்றாவது போர்வையாக உறையும் உண்டு. அதுவும் சர்க்கரைதான், கே என்ற எழுத்தோடு எண் சேர்த்து 6 வகைகளாவது பிரித்திருக்கிறார்கள். உறை உள்ள இனங்கள் எலிகளில் பரவும் புண்ணை உண்டாக்கும், உறை இல்லாதவை பெரும்பாலும் ஓரிடத்தில் கட்டியாக நின்றுவிடும்.

இரவல் செங்கல், பொய் முகவரி

ஈறுநோயின் இன்னொரு முக்கியப் புள்ளி டேனரெல்லா ஃபார்சைதியா. பாஸ்டனின் ஃபார்சைத் நிறுவனத்தில் அதைப் பிரித்தெடுத்த ஆன் டேனரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து அதற்கு வந்தது. ஜிஞ்சிவாலிஸ் தனக்கான சர்க்கரையைத் தானே நெய்துகொள்ளும் என்றால், டேனரெல்லா பாதியை இரவல் வாங்குகிறது. கிட்டத்தட்ட எல்லா பாக்டீரியாக்களின் சுவருக்கும் முராமிக் அமிலச் சர்க்கரை செங்கல் மாதிரி. டேனரெல்லாவுக்கு அந்தச் செங்கலைச் சுடத் தெரியாது. அக்கம்பக்கத்துக் கிருமிகள் சுவரைப் புதுப்பிக்கும்போது சிந்தும் துண்டுகளைப் பொறுக்கித்தான் வீடு கட்டுகிறது. இது 1989இல் தெரியவந்த பிறகுதான் அதை ஆய்வகத்தில் ஒழுங்காக வளர்க்க முடிந்தது. அதுவரை தனியாக வைத்தால் நோஞ்சானாகக் கிடந்தது.

இரவல் வீட்டுக்கு வெளியே அது மாட்டியிருக்கும் கவசம் மட்டும் ராஜகம்பீரம். இரண்டு பெரிய புரதங்கள் பின்னிப் பின்னி உடலைச் சுற்றி ஓடு போல மூடியிருக்கின்றன. அந்தப் புரதங்களில் குறிப்பிட்ட வரிசை வரும் இடத்திலெல்லாம் பத்துச் சர்க்கரைகள் கோத்த கிளைச் சங்கிலி தொங்குகிறது. 2011இல் வியன்னாவில் அந்தச் சங்கிலியைப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்த பட்டியல் விசித்திரமானது. அதில் டிஜிடாக்ஸோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. இதய நோயாளிகள் சாப்பிடும் டிகாக்சின் மாத்திரையிலும் அதே சர்க்கரைதான் வருகிறது. அங்கே அது ஒரு பூச்செடியின் இலையிலிருந்து கிடைக்கிறது. சங்கிலியின் ஒரு நுனியில் சூடாமினிக் அமிலமோ, இனத்தைப் பொறுத்து லெஜியோனாமினிக் அமிலமோ இருக்கிறது. இரண்டும் 9 கரி அணுக்கள் கொண்டவை.

அந்த 9 என்ற எண்தான் விஷயம். நம் உடலின் ஏறக்குறைய எல்லா அணுக்களின் மேற்பரப்பிலும் சர்க்கரைச் சங்கிலிகள் முடியும் நுனியில் நிற்பது சியாலிக் அமிலம். அதுவும் 9 கரி அணுச் சர்க்கரைதான். 1936இல் ஸ்வீடனின் உப்சாலாவில் குன்னார் பிளிக்ஸ் அதை எதிலிருந்து பிரித்தார் தெரியுமா? மாட்டின் உமிழ்நீர்ச் சுரப்பியின் வழவழப்பிலிருந்து. கிரேக்கத்தில் எச்சிலுக்கு உள்ள பெயரையே அதற்கு வைத்தார். ‘இவன் நம்மவன், விட்டுவிடு’ என்று வெள்ளணுக்களுக்குச் சொல்லும் பலகைகளில் அதுவும் ஒன்று. டேனரெல்லா தன் கவசத்தில் மாட்டியிருப்பது அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். இது வெறும் ஜோடனைதானா என்று அமெரிக்காவின் பஃபலோவில் சோதித்தார்கள். 2013இல் வந்த முடிவின்படி, சங்கிலியின் நுனிக் கிளையை நீக்கிய கிருமியை எலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் உடலில் கிருமியை விரட்டும் டிஎச்17 வகை எதிர்ப்பு வலுவாக எழுந்தது. தாடை எலும்புத் தேய்மானமும் குறைந்தது. முழுச் சங்கிலியோடு போன கிருமி அந்த எதிர்ப்பை எழவிடாமல் அமுக்கி வைத்திருந்தது.

போதாக்குறைக்கு, நம் உமிழ்நீரின் சளிப் புரதங்களிலிருந்து அசல் சியாலிக் அமிலத்தைக் கத்தரித்துத் தின்னும் நொதியும் டேனரெல்லாவிடம் இருக்கிறது. நுனியைக் கத்தரித்ததும் அடியிலிருந்த காலக்டோஸ் வெளிப்படும். அதற்காகவே காத்திருக்கும் வேறு கிருமிகள் வந்து பிடித்துக்கொள்ளும்.

சோதனைக்குழாயில் ஒரு கைகுலுக்கல்

பிடித்துக்கொள்வது என்று சொன்னேனே, அதைக் கண்ணாலேயே பார்க்க முடியும். பல்லில் முதலில் குடியேறும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமியைக் கலக்கிய நீர் ஒரு குழாயில், ஆக்டினோமைசிஸ் வகைக் கிருமி இன்னொன்றில். இரண்டும் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கலாக இருக்கும். ஒன்றாக ஊற்றிக் குலுக்கினால் சிறிது நேரத்தில் திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாகி அடியில் இறங்கும், மேலே நீர் தெளிந்துவிடும். இப்போது கொஞ்சம் லாக்டோஸ், அதாவது பாலின் சர்க்கரையைக் கரைத்து ஊற்றினால் திட்டுகள் கலைந்து மறுபடி கலங்கல். ஸ்ட்ரெப்டோகாக்கஸின் மேலுள்ள சர்க்கரைக் கொடியை ஆக்டினோமைசிஸின் இழைகள் பிடித்திருந்தன; லாக்டோஸிலுள்ள காலக்டோஸ் அந்தப் பிடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ள, கை விட்டுப்போனது. 1970களிலேயே இதைப் பார்த்துவிட்டார்கள்.

பல்லின் மேல் படலம் வளர்வது இந்தக் கைகுலுக்கல்களால்தான். முதல் குடியேறிகளுக்கும் பின்னால் வரும் ஜிஞ்சிவாலிஸ் போன்றவற்றுக்கும் நடுவே பாலமாக நிற்பது ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற ஊசி வடிவக் கிருமி. காலக்டோஸைப் பிடிக்கும் அதன் கைகளில் ஃபாப்2 என்ற புரதம் முக்கியமானது. பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளில் இந்த வாய்க்கிருமி ஏன் கூடுகிறது என்பது நெடுநாள் புதிர். 2016இல் ஜெருசலேமில் ஒரு குழு காட்டிய காரணங்களில் ஒன்று இதே கை. அந்தக் கட்டிகளின் அணுக்களில் காலக்டோஸ் சார்ந்த ஒரு சர்க்கரை ஜோடி மிகையாக இருக்கிறது. பக்கத்துக் கிருமியைப் பிடிக்க வாயில் பழகிய கை, குடலில் கட்டியைப் பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் லாக்டோஸ் கலந்த நீரில் வாய் கொப்பளித்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. சோதனைக்குழாயில் இரண்டே கிருமிகள், வாயில் பல நூறு. ஒரு பிடியைத் தளர்த்தினால் தாங்க இன்னும் பத்துப் பிடிகள் உண்டு. அதோடு லாக்டோஸைப் புளிக்கவைத்து அமிலமாக்கும் கிருமிகளும் அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. தடுப்பூசிக்கும் இதே போன்ற முட்டுக்கட்டைதான். நோயாளிகளின் ரத்தத்தில் இந்தச் சர்க்கரைகளுக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஏற்கெனவே இருக்கின்றன. இருந்தும் நோய் தொடர்கிறது. ஓர் இனத்தின் உறைக்கு எதிராகப் பழக்கிய ஆன்டிபாடி, வேறு உறை போர்த்திய இனத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்.

ஆகவே இன்றைக்கு நடைமுறையில் மிஞ்சுவது இயந்திரத்தனமான வேலைதான்: படலத்தைச் சுரண்டி எடுப்பது. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. பல்லை ஆட்டியது அதற்கு முன்பே தேய்ந்துபோன எலும்பு. பல்லில் கல்லாகப் படிந்த காரை அந்த ஆட்டத்தைக் காரைக்கட்டு போலப் பிடித்து மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சுரண்டும்போது சர்க்கரை, நொதி, கிருமி எல்லாம் ஒன்றாகப் போகின்றன, எந்த வேதியியலும் தெரியாமல்.

மருந்து தேடுபவர்கள் முதலில் அரிவாளைக் குறிவைத்தார்கள். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் ஜிஞ்சிபெயின்கள் தென்பட்டதாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது, உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரையை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்து நடத்திய பெரிய சோதனை 2021இல் முக்கிய இலக்குகளை எட்டாமல் முடிந்தது. ஒரு சோதனை தோற்றதால் வாய்க்கிருமிக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் 2006இன் ரத்த நீர்ச் சோதனையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அரிவாளை மட்டும் குறிவைப்பதில் ஆரம்பத்திலேயே ஒரு தயக்கம் இருந்திருக்கும். ஆணியையும் வாசலையும் குறிவைப்பது இன்னொரு வழி. மானோஸ் கொடி கோக்கும் நொதிகளோ, போர்யூவோ, ஒன்பதாம் வகை வாசலோ அடைபட்டால் சுமார் 30 புரதங்களும் ஒரே அடியில் இடமிழக்கும். மனித உடலில் அந்த வாசல் கிடையாது என்பது கூடுதல் வசதி. அப்படி ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள முதல் கட்டத்தில் விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாது. ரத்த அகாரில் மருந்தைக் கலந்து, கிருமியைத் தடவி, பெட்டிக்குள் வைத்துவிட்டு, பத்தாம் நாள் திறந்து புள்ளிகள் கறுத்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.